கூட்டி ஸ்டேஷனும் ஒரு நீலச் சிலந்தியும்

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து பாம்பே மெயிலில் போனவர்களுக்குக் கூட்டி ஸ்டேஷன் நினைவிருக்கலாம். ரேணிகுண்டா, கடப்பா, தாடிபத்ரி தாண்டி, குண்டக்கல் வருவதற்குச் சற்று முன்னால் வரும். ஊர்க்காரர்கள் தெலுங்கில் ‘குத்தி’ என்பார்கள். வெள்ளைக்காரன் எழுதிய எழுத்தைப் படித்துப் படித்து ரயில்வேக்காரர்களான நமக்கு அது ‘கூட்டி’ ஆகிவிட்டது. குன்றின் மேல் பெரிய கோட்டை. சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே சர் தாமஸ் மன்றோ, அவர் 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தபோது முதலில் அடக்கம் செய்தது இந்தக் கூட்டியில்தான். பிறகு 1831இல் அவரது எச்சங்களைச் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கூட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த சரித்திரம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குண்டக்கல் டிவிஷனில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த ஊரின் பெயர் உலகம் முழுக்கப் போயிருப்பது மன்றோவாலும் அல்ல, கோட்டையாலும் அல்ல, ஒரு சிலந்தியால் என்பதை எழுபது வயதுக்கு மேல், அமெரிக்காவில், என் பேரன் அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

டல்லாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பேரனுக்குப் பதினேழு வயது. போன மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

“தாத்தா, வாங்க. உங்க ஊர் ஆளு ஒருத்தரக் காட்டறேன்.”

அலமாரியில் நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சாய்த்து வைத்த மரப்பட்டை, கொஞ்சம் செடி, ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம். வேறு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியின்மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவன் கையெழுத்தில் ‘கூட்டி சஃபையர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“கூட்டியா? எந்தக் கூட்டி?”

“ஆந்திரா தாத்தா. ரயில்வே ஸ்டேஷன்ல கண்டுபிடிச்சது. நீங்க அங்கதானே வேலை பார்த்தீங்க?”

நான் வாயடைத்துப் போனேன். அன்றிலிருந்து அவனிடம் கேட்டும், அவன் கொடுத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே என் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

மரக்கிடங்கில் கிடைத்த ஒன்று

ஆண்டு 1899. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ரெஜினால்ட் இன்னஸ் போகாக் என்று ஒரு விலங்கியலாளர் இருந்தார். பிற்காலத்தில் லண்டன் மிருகக்காட்சிசாலையின் மேற்பார்வையாளராகப் பல வருஷம் இருந்தவர். புலி, சிறுத்தைகளைப் பற்றியும் நிறைய எழுதியவர். ஆனால் அந்த நாளில் அவருடைய வேலை சிலந்தி, தேள், பூரான் இவற்றோடுதான். இந்தியாவில் இருந்த அதிகாரிகளும் வனத்துறைக்காரர்களும் மிஷனரிகளும் சாராயத்தில் போட்டு அனுப்பும் பூச்சிகளை வரிசைப்படுத்திப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மரத்தில் வாழும் பெரிய சிலந்தி இனம் ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பேரினத்துக்குப் ‘பொசிலோதீரியா’ என்று பிரெஞ்சுக்காரர் யூஜீன் சிமோன் 1885இலேயே பெயர் வைத்திருந்தார். கிரேக்கத்தில் ‘பல வண்ணப் புள்ளி கொண்ட விலங்கு’ என்று பொருள். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள இனம் இது. அந்தக் கட்டுரையில் போகாக் புதிதாகச் சேர்த்தவற்றில் ஒன்றுக்கு ‘மெட்டாலிக்கா’ என்று பெயரிட்டார். காரணம் அதன் நீலம். மெருகேற்றிய உலோகம் மாதிரி ஒரு நீலம்.

கிடைத்தது ஒரே ஒரு பெண் சிலந்தி. கிடைத்த இடம் காடு அல்ல. கூட்டி ரயில்வே மரக்கிடங்கு.

ரயில்வேக்காரனுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. மதராஸ் ரயில்வேயின் வடமேற்குப் பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்க்காரர்களின் பாதையோடு சேர்ந்தது. கூட்டி அந்தப் பாதையில் இருக்கிறது. 1880களின் இறுதியில் குண்டக்கல்லிலிருந்து நந்தியால், கித்தலூர் வழியாகக் குண்டூருக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே அந்தப் பாதை நல்லமலைக் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்தக் கால ரயிலுக்கு மரம்தான் எல்லாம். தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை மரம், வேகன் மரம், ஸ்டேஷன் கூரை மரம். நிலக்கரி தாராளமாக வராத காலத்தில் மதராஸ் ரயில்வே எஞ்சின்கள் விறகையே தின்று ஓடியிருக்கின்றன. அந்த மரத்தோடு, பொந்துக்குள் பதுங்கியபடி, இந்தச் சிலந்தி டிக்கெட் வாங்காமல் கூட்டிக்கு வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இன்று இதை ஆராய்ந்தவர்களின் கருத்து. அதன் உண்மையான காடு கூட்டியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி வடகிழக்கே இருக்கிறது. ஆக, பெயர் கூட்டியுடையது. பிறந்த வீடு நல்லமலை.

அதற்குப் பிறகு 102 ஆண்டுகள் யாரும் இதைக் காட்டில் பார்த்துப் பதிவு செய்யவில்லை. லண்டனில் அந்த ஒரே உருப்படிதான் சாட்சி. 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

நீலம் எங்கிருந்து வருகிறது

பேரன் சொல்லும்வரை அதன் நிறம் சாயம் என்றுதான் நினைத்தேன். சாயம் இல்லையாம். மயிற்பீலியின் நீலத்தைப் போல, உடலின் நுண்ணிய மயிர்களுக்குள் இருக்கும் அடுக்கமைப்பு ஒளியில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உலகிலுள்ள பெருஞ்சிலந்திக் குடும்பத்தில் இந்த நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொன்றின் உள்ளமைப்பும் வேறு வேறு, ஆனால் நீலம் மட்டும் ஏறக்குறைய அதே 450 நானோமீட்டர் பக்கம்தான். மயில் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் பச்சையாக மாறும். இந்த நீலம் எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலமாகவே இருக்கிறது.

கால்களின் மூட்டுகளில் மஞ்சள். முன்கால்களின் அடிப்பக்கத்திலும் மஞ்சள் பட்டை. முதுகில் வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி கிளை கிளையாக ஒரு வரைவு. கால்களை விரித்தால் ஆறேழு அங்குலம். குஞ்சுக்கு இவ்வளவு நிறம் கிடையாது; ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் நீலம் ஏறிக்கொண்டே வரும்.

குணம்

வந்து ஐந்து நாள் ஆகியும் நான் அதை முழுதாகப் பார்க்கவில்லை. ஒரு கால் நுனி தெரியும். பெட்டிப் பக்கம் நிழல் போனால் அதுவும் உள்ளே போய்விடும்.

நான் நினைத்தேன், இவ்வளவு பெரிய விஷச் சிலந்தி என்றால் சீறிக்கொண்டு மேலே பாயும் என்று. பேரன் சிரித்தான். “தாத்தா, இது மகா பயந்தாங்கொள்ளி.”

யோசித்தால் நியாயம்தான். இது தரையில் வளை தோண்டி உட்காரும் சாதி அல்ல. உயரமான பழைய மரங்களின் பொந்துக்குள் பட்டு நூல் போட்டு வீடு கட்டிக்கொள்கிறது. இரவில் வாசலில் வந்து உட்கார்ந்து பறந்து போகும் பூச்சியைப் பிடிக்கிறது. பகலில் உள்ளேதான். ஆபத்து என்றால் அதற்குத் தெரிந்த முதல் வழி ஓட்டம், இரண்டாவது வழி பொந்து. வெளிச்சம் என்றாலே ஆகாது. பட்டவுடன் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். போவதைக் கண்ணால் பின்தொடர முடியாது. இருந்தது, இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கண்டத்துப் பெருஞ்சிலந்திகளில் பல, பயந்தால் வயிற்று மயிரை உதைத்துத் தூவும். அது கண்ணிலும் தோலிலும் பட்டால் அரிக்கும். நம் நாட்டுச் சிலந்திகளுக்கு அந்த ஆயுதம் இல்லை. அதனால் ஓட இடம் இல்லாமல் மூலையில் மடக்கினால் முன்கால்களைத் தூக்கி மஞ்சளைக் காட்டும். அது எச்சரிக்கை. அதையும் மீறினால் கடிக்கும். இந்த இனம் கடித்து யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் லேசாக எண்ண வேண்டாம். கடுமையான வலியும், பல பேருக்கு உடம்பெங்கும் தசைப்பிடிப்பும் வந்திருப்பதை மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சில நேரம் பல நாள் கழித்தும் பிடிப்பு திரும்ப வருமாம். கடிபட்டால் கையை வைத்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

பேரன் நாலு வருஷமாக வளர்க்கிறான். ஒரு தடவைகூடக் கையில் எடுத்ததில்லையாம். “எடுத்தா அதுக்கு என்ன லாபம் தாத்தா? நமக்குத்தான் போட்டோ,” என்றான். அந்த வயதில் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

பன்னிரண்டு நாள் பொறுப்பு

ஜூலையில் மகள் குடும்பம் பன்னிரண்டு நாள் வெளியூர் போனது. எங்களுக்கு அலைச்சல் ஆகாது என்று நானும் மனைவியும் வீட்டிலேயே இருந்துவிட்டோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மனைவி வேலை. சிலந்தி என் வேலை. அவள் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

பேரன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ் மாதிரி இருந்தது. அதில் இருந்ததை என் வார்த்தையில் சொல்கிறேன்.

மூடியைத் திறக்கும் முன் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார். (பெண் சிலந்திதான், உரித்த சட்டையின் வயிற்றுப் பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம்.) எங்கே இருக்கிறாள் என்று தெரியாவிட்டால் திறக்காதே. அறை விளக்கைப் போடாதே. ஓரத்து மேசை விளக்கு போதும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். அடியிலுள்ள தேங்காய் நார்த்தூளில் ஒரு பக்கம் மட்டும் ஈரம், சேறு ஆகக்கூடாது. காற்றுத் துளைகளை எதுவும் மறைக்கக்கூடாது. ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் பூஞ்சை வந்து சிலந்தி செத்துவிடும். அறையின் சூடு நமக்கு இதமாக இருந்தால் அதற்கும் இதம். தனியாகச் சூடேற்ற வேண்டாம். வாரத்துக்கு இரண்டு சுவர்க்கோழிப் பூச்சி. தின்னாவிட்டால் மறுநாள் காலையில் பூச்சியை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பெட்டிக்குள் கை போகக்கூடாது. எதற்கும் நீண்ட இடுக்கி.

பெட்டி ஏன் நெட்டுக்குத்தாக இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. மரத்துச் சிலந்திக்கு நிலத்தின் அகலம் வேண்டாம், உயரம் வேண்டும். சாய்த்து வைத்த தக்கை மரப்பட்டைக் குழாய்தான் அதற்குப் பொந்து. பேரன் அடிக்கடி சொன்ன ஒன்று: அதற்கு ஒளிய இடம் இருந்தால்தான் அது சாது. ஒளிய இடம் இல்லாத பெட்டியில் வைத்தால் நாளெல்லாம் பயந்து பயந்து, ஓடி ஓடி, கடைசியில் கடிக்கும். குணம் கெட்டதால் அல்ல, வீடு இல்லாததால்.

மூன்றாம் நாள் தப்புச் செய்தேன். தண்ணீர் ஊற்றும் அவசரத்தில் பழக்கதோஷமாக அறை விளக்கைப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கத்திலேயே அவள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெளிச்சம் பட்டதும் ஒரு ஓட்டம். கண் இமைக்கும் நேரத்தில் பெட்டியின் விளிம்பில் நிற்கிறாள், நாலு கால் உள்ளே, நாலு கால் வெளியே.

எனக்குக் கை நடுங்கியது. பட்டென்று மூடத்தான் தோன்றியது. மூடியிருந்தால் கால்கள் நசுங்கியிருக்கும். இந்தச் சிலந்திக்கு உடம்பில் காயம் பட்டால் பிழைப்பது கஷ்டம். அசையாமல் நின்றேன். ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கு ஒரு மணி நேரம். பிறகு இடது கையை மெல்ல நீட்டி விளக்கை அணைத்தேன். மேசை விளக்கின் மங்கலில், பேரன் வைத்திருந்த ஓவியத் தூரிகையின் நுனியால் வெளியே இருந்த ஒரு காலை மட்டும் லேசாகத் தொட்டேன். சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மூடியைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்தப் பழைய ராத்திரி நினைவுக்கு வந்தது.

1974ஆம் வருஷத்து ராத்திரி

குண்டக்கல் டிவிஷன் அப்போது சதர்ன் ரயில்வேயில் இருந்தது. 1977 அக்டோபரில்தான் சவுத் சென்ட்ரலுக்குப் போனது. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஏ.எஸ்.எம். நந்தியால் - கித்தலூர் பகுதியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஆள் விடுப்பில் போனதால் இரண்டு மாதம் என்னை அங்கே போட்டார்கள். மீட்டர் கேஜ். மலை, குகை, உயரமான பழைய தோரபாவி பாலம் எல்லாம் இருந்த பாதை. சுற்றிலும் காடு. கரண்ட் கிடையாது. ராத்திரி டியூட்டிக்கு ஒரு மண்ணெண்ணெய் விளக்கும், டோக்கன் கருவியும், ஒரு வயதான பாயிண்ட்ஸ்மேனும்தான் துணை.

ஒரு மழை இரவு. லைன் கிளியர் கொடுத்துவிட்டுத் திரும்பினால், டோக்கன் கருவிக்குப் பக்கத்துச் சுவரில் என் உள்ளங்கையைவிடப் பெரிய ஒன்று. விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். அது ஓடவில்லை, சுவர் மூலை. ஓட இடம் இல்லை. முன்கால்கள் இரண்டையும் தூக்கியது. அடியில் மஞ்சள் தெரிந்தது.

பாயிண்ட்ஸ்மேன் பின்னால் வந்தவர், “சாலெபுருகு சார். வெளக்கத் தள்ளி வையுங்க, அதே போயிடும்,” என்றார் அரைகுறைத் தமிழில். அவர் பேச்சை நான் கேட்கவில்லை. சிக்னல் கொடியின் கம்பு கையில் இருந்தது. ஒரே அடி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய படிவத்தாளில் வாரி எடுத்து வெளியே மழையில் போட்டார். “பாவம், மரம் வெட்டறாங்க இல்லே, அதான் இங்கே வருது,” என்று மட்டும் சொன்னார்.

அது அந்த நீலச் சிலந்திதானா? சொல்ல முடியாது. அந்தக் காட்டில் இதே குடும்பத்தில் வேறு சிலந்தியும் உண்டு, அதற்கும் முன்காலில் மஞ்சள் உண்டு. நீலம் பார்த்தாயா என்றால், மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் நீல ஒளியே ஏறக்குறையக் கிடையாது. திருப்பி அனுப்ப நீலம் வராதபோது எந்த நீலமும் கறுப்பாகத்தான் தெரியும். எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது. அந்தச் சிலந்தியை உலகத்தில் யாரும் காட்டில் பார்க்காத அந்த 102 வருஷத்துக்குள் வருகிறது 1974. ஒருவேளை நான் பார்த்திருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் அடித்துவிட்டேன்.

விளக்கைத் தள்ளி வைத்திருந்தால் போதும். டல்லாஸில் என் பேரன் தாளில் எழுதிக் கொடுத்ததும், மூன்றாம் வகுப்புகூடப் படிக்காத அந்தப் பாயிண்ட்ஸ்மேன் சொன்னதும் ஒன்றுதான்.

சட்டை உரித்த இரவு

ஆறாம் நாள் போட்ட பூச்சியை அவள் தொடவில்லை. பட்டைக் குழாயின் வாயில் வெள்ளையாக நூல் திரை. எனக்குக் கவலை. மூன்றாம் நாள் பயந்ததில் ஏதும் ஆகிவிட்டதா? பேரனுக்குப் போன் போட்டேன்.

“தாத்தா, சட்டை உரிக்கப் போறா. பூச்சி உள்ளே இருக்கா? உடனே எடுத்துடுங்க!”

சட்டை உரிக்கும்போது அதன் உடம்பு வெண்ணெய் மாதிரி மிருதுவாக இருக்குமாம். வழக்கமாகத் தான் தின்னும் சுவர்க்கோழியே அப்போது அதைக் கடித்துத் தின்றுவிடும். இடுக்கியை வைத்துக்கொண்டு அந்தப் பூச்சியை ஒரு மணி நேரம் துரத்தினேன். கடைசியில் தண்ணீர்க் கிண்ணத்தின் பின்னால் பிடித்தேன்.

பிறகு செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. பெட்டியைத் தட்டக்கூடாது, நகர்த்தக்கூடாது, திறக்கக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. பல பேர் செல்லப் பிராணி செத்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்துத்தான் கொன்றுவிடுகிறார்களாம். நான்கு நாள் அப்படியே போயின. ஐந்தாம் நாள் காலையில் கிண்ணத்துப் பக்கத்தில் ஒரு முழுச் சிலந்தி கிடந்தது. நெஞ்சு திக்கென்றது. உற்றுப் பார்த்தால் வெறும் சட்டை. பல்லும் கால் நுனி மயிரும் முதற்கொண்டு அப்படியே, உள்ளே ஆள் இல்லை.

அன்று ராத்திரி மேசை விளக்கின்மேல் ஒரு துணியைப் போட்டு, ஓரத்தில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு மேல் அவள் வெளியே வந்தாள். பட்டையின்மேல் முழுசாகக் கால் விரித்து உட்கார்ந்தாள். புதுச் சட்டை. அந்த நீலத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றபடியே பார்த்தாள். “அம்மன் பட்டுப் பாவாடை மாதிரி இருக்கு,” என்றாள். அதற்குப் பிறகு அவள் பயப்படவில்லை.

பல் இறுகிக் கறுப்பாகும்வரை, அதாவது பத்து நாள் வரை, தீனி போட வேண்டாம் என்றான் பேரன். அதற்குள் அவனே வந்துவிட்டான்.

மிச்சம் இருப்பது

2001க்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். காட்டில் மறுபடி கண்டுபிடித்த சில வருஷத்துக்குள்ளேயே இந்தச் சிலந்தி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்லப் பிராணிக் கடைகளுக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை. பிறகு அங்கேயே முட்டை பொரிக்க வைத்துப் பெருக்கினார்கள். விலை இறங்கியது. பேரன் வாங்கியது அப்படிப் பெட்டிக்குள்ளேயே பிறந்த குஞ்சு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அந்தக் குஞ்சுகளுக்கெல்லாம் மூதாதை நல்லமலையிலிருந்து போனவைதானே.

காட்டில் நிலைமை வேறு. 2008இல் அறியப்பட்டிருந்த இருப்பிடம் நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சுற்றுக் காடுகளில் தேடியும் கிடைக்கவில்லை. விறகுக்கும் மரத்துக்கும் பழைய மரங்கள் போகப் போகப் பொந்து போகிறது. பொந்து போனால் சிலந்தி போகிறது. 2008இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை ‘மிக அருகிவிட்ட’ இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த மதிப்பீட்டைச் செய்தவர்களில் நம் கோயம்புத்தூரிலுள்ள ஜூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானிகள் உண்டு என்பது நமக்குப் பெருமை. 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்து, பொசிலோதீரியா பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. அதன் பிறகு நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும்.

இது ஆந்திரத்துச் சங்கதி என்று நாம் இருந்துவிட முடியாது. இதே பேரினத்தில் ‘ஃபார்மோசா’ என்பது நம் சேலம் பக்கத்தது. அதற்கும் 1899இல் பெயர் வைத்தவர் போகாக்தான். ராமேஸ்வரத்தில் ஒன்று உண்டு; 2004இல் விவரிக்கப்பட்டது. முதலில் கண்ட அனுமன் கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். புளி, பனை மரங்களில் வாழும் அதுவும் மிக அருகிவிட்ட பட்டியலில்தான் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் இந்த வகையைப் புலிமுகச் சிலந்தி என்பார்கள். நமக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, எல்லாம் ‘எட்டுக்கால் பூச்சி’தான்.

ஊருக்குத் திரும்பும் முன்பு பேரனிடம் அந்த 1974ஆம் வருஷத்து ராத்திரியைச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“நீங்க அப்ப அதோட பேர்கூடத் தெரியாம இருந்தீங்க தாத்தா,” என்றான். பிறகு அந்த உரித்த சட்டையை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொடுத்தான். அதை விமானத்தில் கொண்டுவரலாமா கூடாதா என்று யோசித்து, சட்டம் இருக்கிறது என்று அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நம் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய புளியமரம் இருக்கிறது. கீழ்க்கிளையில் ஒரு பொந்து. பட்டுப்போன கிளை, வெட்டிவிடலாம் என்று மரம் அறுப்பவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன மாதம் வந்தபோது வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே எதுவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. இருந்தால் இருக்கட்டும்.